மேகம் போட்ட சுவர்

அன்புள்ள மகளுக்கு,

டிசம்பரில் இங்கே எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இந்த ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தினமும் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஆனாலும் நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பார்வை தெளிந்துவிட்டது, எனக்கு முழங்கால் வலி வருகிறது, போகிறது. நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் குரல் கேட்டதும் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கர்ல போடு என்பார், அதன்பிறகு நான் சொல்ல நினைத்ததற்கு நேர்மாறானதை அவரே சொல்லி முடித்துவிடுவார். இன்று ஞாயிற்றுக்கிழமை, பெயின்ட் கடையில் மதியம்வரை வியாபாரம் இருக்கும் என்று போயிருக்கிறார். நாளைக்கு அலுவலகத்தில் இதை ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன்.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். போன தடவை பேசும்போது மாப்பிள்ளை இன்னொரு போனைத் தூக்கிக் காட்டி, இருபத்தி நாலு டிகிரி, சூரியன் படம் வேற போட்டிருக்கு, சொர்க்கம் அத்தை என்றார். அந்த எண்ணை அவர் நம்ப வேண்டாம். இருபத்தி நாலு டிகிரியில் இங்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அதே இருபத்தி நாலில் மறுநாள் வடக்கிலிருந்து காற்று அடித்தால் உதடு வெடிக்கும். எண் ஒன்றுதான், காற்றில் இருக்கும் தண்ணீர்தான் வேறு. குளிர்காலம் என்று இங்கே தனியாக ஒன்று கிடையாது, எப்போதாவது வந்து இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிடும், வருகிறேன் என்று சொன்ன தேதியில் வராது, இந்த விஷயத்தில் அது உன்னைப் போலத்தான். விமானத்துக்கு ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். கனமான கோட்டெல்லாம் எடுத்து வராதே, அலமாரியில் தொங்கவிட்ட வாரத்திலேயே பூசண வாடை பிடித்துக்கொள்ளும், தோல் ஷூவுக்கும் அதே கதிதான். பொடியனுக்கு மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டை நிறைய வை, ஏனென்றால் துவைத்துப் போட்டால் காயாது, காய்ந்த மாதிரி தெரியும், மடித்து வைத்தால் மறுநாள் நாறும். இரவில் மின்விசிறி ஓட வேண்டும், விடியற்காலையில் போர்வை வேண்டும், இரண்டும் ஒரே இரவில். மாடியில் இருக்கும் உன் பெரிய அத்தை காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு நடப்பாள், அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரிக்கக் கூடாது, எங்களுக்கு அதுதான் குளிர்.

இன்னொன்று, இது முக்கியம். சில நாள் குளிர்ந்திருந்துவிட்டுத் திடீரென்று தெற்கிலிருந்து சூடான காற்று வந்தால் தரை வியர்க்கும். யாரோ வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி கூடம் முழுக்க ஈரமாக இருக்கும், கண்ணாடி, அலமாரிக் கதவு, டிவி எல்லாவற்றின்மீதும் பொடிப்பொடியாகத் தண்ணீர் நிற்கும். பொடியன் ஓடுகிற வயசு, வழுக்கிவிடும், அடியில் ரப்பர் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கி வா. அந்த மாதிரி நாளில் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கக் கூடாது, மூடி வைக்க வேண்டும், வடக்குக் காற்று வரும் நாளில் குளிர்கிறதே என்று மூடாமல் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். இந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா தலைகீழாகத்தான் செய்வார்.

யோசித்துப் பார்த்தால் நீ போன நாளிலிருந்து நாம் பேசியதெல்லாம் வானிலைதான். அங்க எப்படி இருக்கு, பனி கொட்டுது, இங்க எப்படி இருக்கு, புழுக்கம், சரி வைக்கட்டுமா. உனக்குப் பிரசவ வலி எடுத்ததுகூட, நேத்து பனியில கார் கிளம்பல என்று நீ சொல்லும்போது இடையில் வந்த செய்தியாகத்தான் எனக்குத் தெரிந்தது. உன் அப்பாவுக்குக் கண்ணில் கத்தி வைத்தபோது விமானமெல்லாம் ரத்து, வெளியே கால் வைக்க முடியவில்லை என்றாய், நான் நம்பினேன், நம்பாமல் என்ன செய்வது, நானா வந்து பார்த்தேன். பனி நின்ற பிறகும் வரவில்லை, அதைப் பற்றி நாம் இருவரும் பேசவில்லை. அப்போது உங்கள் ஊர்ப் பனி காரணமாக இருந்தது, இப்போது எங்கள் ஊர் ஈரம் காரணமாகப் போகிறது. நான் குத்திக் காட்டுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், குத்திக் காட்டத்தான் எழுதுகிறேன்.

ஏனென்றால் நீ கேட்டது வானிலையே அல்ல. உன் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டிசம்பர்ல எப்படி இருக்கும், பையனுக்கு என்ன டிரஸ் எடுத்து வைக்கட்டும் என்று ஆரம்பித்து, அப்புறம் போகிற போக்கில் கேட்பதுபோல, பின் ரூம் சுவர் இப்ப எப்படிம்மா இருக்கு, இவனுக்கு இழுப்பு வர்றதால டாக்டர் ஈரமான ரூம்ல படுக்க வைக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கார், அப்பாகிட்ட கேட்டா சூப்பரா இருக்குன்னுதான் சொல்வார், நீ சொல்லு, நீ சொல்றத வச்சு வீட்ல தங்கறதா ஹோட்டல்ல ரூம் போடறதான்னு முடிவு பண்றோம் என்று முடித்திருக்கிறாய். இத்தனை வருஷம் கழித்து வருகிற மகள் சொந்த வீட்டில் படுப்பதா வேண்டாமா என்பதை என் ஒரு வார்த்தையில் தொங்கவிட்டிருக்கிறாய். அப்பா பேச்சை நம்பமாட்டேன், உன் பேச்சை நம்புகிறேன் என்பதை நீ ஒரு மரியாதையாக நினைத்துத்தான் எழுதியிருப்பாய். அந்த மரியாதை எனக்கு வேண்டாம். ஹோட்டல் என்று நான் எழுதினால் பேரனைத் தன் வீட்டில் படுக்கவிடாத மனைவியோடு உன் அப்பா மிச்ச நாளைக் கழிக்க வேண்டும், வீடு என்று எழுதிப் பையனுக்கு இழுப்பு வந்துவிட்டால் அதையும் நான்தான் சுமக்க வேண்டும்.

அந்த அறையைப் பற்றி நீ அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைதான் ஒரு நாள் வெள்ளந்தியாக, அந்த ரூம்லதானே அத்தை இவ மூச்சு விட முடியாம கிடந்தா என்றார். கிடந்தா என்றால் யாரோ உன்னைப் போட்டுப் பூட்டி வைத்த மாதிரி. அது இந்த வீட்டிலேயே பெரிய அறை, இரண்டு ஜன்னல் உள்ள ஒரே அறை, படிக்கிற பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்று உனக்குக் கொடுத்தோம். இழுப்பு வந்ததும் உன்னை முன் அறைக்கு மாற்றிவிட்டு நாங்கள் இருவரும் அங்கே போய்ப் படுத்தோம், நீ வீட்டை விட்டுப் போகும்வரை அங்கேதான் படுத்தோம், கதையில் அந்தப் பாதியை நீ விட்டுவிட்டாய். உனக்கு வந்ததற்கு அந்தச் சுவர்தான் காரணமா, மாற்றியதால்தான் நின்றதா, வயசு ஏற ஏறத் தானாக நின்றதா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

சரி, சுவருக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன், பழைய தாள்களைப் பூச்சியிலிருந்து காப்பாற்றுவது பற்றி. திரும்பி வந்தால் வாசலிலேயே பெயின்ட் வாசனை. உன் அப்பா கடைக்கு லீவு போட்டுவிட்டு, கடையிலிருக்கும் வாட்டர்ப்ரூஃப் சரக்கையெல்லாம் கொண்டு வந்து, பின் அறைச் சுவரில் கறுத்திருந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, மேலே வானம் வரைந்து வைத்திருக்கிறார். நான் மிகைப்படுத்தவில்லை, வானமேதான். நீல நிறம், அதில் வெள்ளை வெள்ளையாக மேகம், ஒரு மூலையில் சிரிக்கிற சூரியன். ஓரங்களிலெல்லாம் டேப் ஒட்டி நூல் பிடித்த மாதிரி நேராக அடித்திருந்தார், அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கன்னத்தில் நீலத்தோடு நின்றுகொண்டு, எப்படி, பேரன் படுத்துக்கிட்டே வானத்தப் பாப்பான்ல என்றார். ஈரம் உள்ளேயிருந்து வந்தால் மேலே மூடுவது உதவாது, உள்ளேயே நின்று பெயின்டைத் தள்ளும் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருஷமா பெயின்ட் விக்கறேன், பேப்பர் பாத்துக்கறவ எனக்குச் சொல்லித் தர்றியா என்றார். பெரிய அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஏன்டா தம்பி, மேகத்த வேற போட்டு வச்சிருக்க, மழை வராம என்னடா செய்யும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது, அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவருக்குள்ளே போகிற குழாய் கசியலாம், வெளிப்பூச்சு விட்டிருக்கலாம், ஒண்ணுமே இல்லாம வெறும் காத்து ஈரமாவும் இருக்கலாம்மா, உடைச்சாத்தான் சொல்லுவேன் என்றார். உடைத்தால் எப்போது முடியும் என்று கேட்டதற்கு, ஆரம்பிச்சுட்டா முடிஞ்சிரும்மா என்றார், அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு தேதியைக் கறக்க முடியவில்லை. உன் அப்பா குறுக்கே வந்து, என் வானத்துல சுத்தியல் பட்டுது அப்புறம் இருக்கு என்றார், கொத்தனார் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் தெற்குக் காற்று வந்தது. இரண்டாவது மேகம் உப்பிக்கொண்டது, பூரித்துப் போன கன்னம் மாதிரி. அவர் கட்டிலை இழுத்து அதை மறைத்துவிட்டார். பொடியனுக்கென்று மூன்று பக்கமும் தடுப்பு வைத்து அவர் செய்யச் சொன்ன கட்டில், வந்து சேர்ந்துவிட்டது, விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று வைத்திருக்கிறார். நேற்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்க ஆபீஸ்ல காத்துல இருந்து ஈரத்த இழுக்கிற மெஷின் ரெண்டு இருக்கே, ஒண்ண ஒரு வாரம் கொண்டு வர முடியாதா என்று கேட்டார். அது ஆவணங்களுக்காக வாங்கியது, வீட்டுக்குக் கொண்டு வர முடியாது என்றேன். பழைய பேப்பருக்கு ஏசி, மெஷினு, புருஷனுக்குக் கயித்துல காயாத பனியன் என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிக்காமல், அவ உன்கிட்ட கேட்டிருப்பா, எனக்குத் தெரியும், காய்ஞ்சிருக்குன்னு எழுதிடு என்றார். எழுந்து போகும்போது, வந்து ரெண்டு ராத்திரி படுத்துட்டுப் போகட்டுமே, அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது என்றார், என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்திருக்கிறேன். ஆவண அறையில் ஒரு சுவரைச் சந்தேகப்பட்டால் நாங்கள் செய்வது இது. சாப்பாடு பொதிகிற அலுமினியத் தாளில் ஒரு சதுரம் வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் அது வெறும் காற்று ஈரம், ஜன்னலைச் சரியாக மூடித் திறந்து, ஒரு ஏசி வைத்துச் சமாளித்துவிடலாம், நீங்கள் தாராளமாக இங்கேயே தங்கலாம். சுவரைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது, டிசம்பருக்குள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்று காலையில் கட்டிலை நகர்த்திவிட்டு, உப்பிய மேகத்தின் ஓரத்தில் பெயின்ட் கீறல் விட்டிருந்த இடத்தில் ஒட்டினேன். அலுவலகத்தில் நாங்கள் உபயோகிக்கும் வெள்ளைக் காகித டேப்பையே எடுத்துக்கொண்டேன், முழங்காலை மடக்க முடியாததால் குனிந்தபடியே ஒட்டினேன், கோணல்மாணலாக வந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். உன் அப்பா ஷேவ் செய்து முடித்துத் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார். என்ன, சுவத்துக்குத் தலைவலியா, பத்துப் போட்டிருக்க என்றார். எதற்கு என்று மறைக்காமல் சொன்னேன், இந்தப் பக்கம் ஈரமென்றால் இப்படி, அந்தப் பக்கம் ஈரமென்றால் அப்படி, எதுவானாலும் உள்ளதை உள்ளபடி மகளுக்கு எழுதுவேன் என்றேன். ஒரு தாள் சொல்றதக் கேட்டு என் பேரன் எங்க படுக்கணும்னு முடிவு பண்ணுவீங்க, அம்மாவும் பொண்ணும் என்றார். டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டார். குடித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

நாளைக்குக் காலையில் பிரித்துப் பார்த்து இதே தாளின் அடியில் எழுதுகிறேன். நானாக எதையும் முடிவு செய்யவில்லை, அவருக்காகவும் பேசவில்லை, உனக்காகவும் பேசவில்லை. எப்படி வந்தாலும் உனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், தங்கினால் நல்ல மகள், தங்காவிட்டால் டாக்டர் சொன்னார் என்பாய். எங்களுக்குத்தான் அப்படி ஒரு டாக்டர் இல்லை.

மற்றபடி பொடியனுக்குக் கொடுக்கும் மருந்து, அந்த உறிஞ்சுகிற குழல், எல்லாவற்றையும் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே, பெட்டி தொலைந்துபோகும். நீ சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவதாக மாப்பிள்ளை சொன்னார், அதை நிறுத்து. மூவரும் நீண்ட நாள் நோயில்லாமல் இருக்க வேண்டும், பொடியனுக்கு மூச்சு எங்கேயும் எப்போதும் தடையில்லாமல் ஓட வேண்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குச் சொல்லத் தெரியாது. டிக்கெட் எடுத்தவுடன் தேதியை எனக்கு மட்டும் முதலில் அனுப்பு, அப்பாவிடம் சொல்லாதே, போன தடவை நீ ரத்து செய்த பிறகு காலண்டரில் அவர் போட்டிருந்த வட்டத்தை நான்தான் வெள்ளை மை வைத்து அழித்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

திங்கட்கிழமை காலை.

எழுந்து முகம் கழுவியதும் பின் அறைக்குப் போனேன். கட்டில் நேற்று நான் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. தாளைப் பிரித்தேன். அறைப் பக்கம் காய்ந்திருந்தது, சுவர்ப் பக்கமும் காய்ந்திருந்தது. சுவரில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. பிறகுதான் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைப் பார்த்தேன். அது என் வெள்ளை டேப் இல்லை. வண்ணம் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுவார்களே, லேசாக மஞ்சள் ஓடிய டேப், கடையில் இருப்பது. நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேராக, மூலையில் மூலை சரியாகப் பொருந்தி, நான் ஒட்டியதைவிட எவ்வளவோ நன்றாக ஒட்டியிருந்தது. கொல்லைக் கொடியில் நேற்று இல்லாத ஒரு பழைய துணி தொங்கியது, நீலம் படிந்து. தொட்டுப் பார்த்தேன், இன்னும் காயவில்லை.

உன் அப்பா ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினார், கடையில் சரக்கு இறங்குகிறதாம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பிரிச்சியா, எப்படி, காய்ஞ்சிருக்கா என்று கேட்டார்.

காய்ஞ்சிருக்கு என்றேன்.

அப்ப எழுதிடுவியா என்றார்.

எழுதிடறேன், நீங்க கிளம்புங்க என்றேன். தெருமுனைவரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

எழுதிவிட்டேன். ஹோட்டலில் ரூம் போட்டுக்கொள்.